பெயர் மாறாத காடி

குணாளனின் காடியை, அதாவது காரை, விற்க ஆள் பிடித்துக் கொடுத்தவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு வேறு யாராவது சொல்லித் தெரிய வந்தால், நான் மறைத்துவிட்டுக் கதை சொன்னதாக ஆகிவிடும்.

காப்பார் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் எங்கள் தாமான் குடியிருப்பு. வரிசைக்குப் பதினாறு வீடுகள். எனக்கு நேர் எதிர்வீடு குணாளனுடையது. துறைமுகத்தில் கன்டேனர் லோரி ஓட்டுகிறவன். மனைவி தவமணிக்கு மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். ஒரே மகள் யாழினி, ஐந்தாம் படிவம். என் பள்ளி வேனில்தான் போய் வந்தாள். தாமானில் என்னை வேன் சூசை என்பார்கள். என் மனைவி பிலோமினா, மாதம் முந்நூறு வெள்ளி வீதம் பத்துப் பெண்களைச் சேர்த்து வீட்டில் கூட்டு என்கிற சீட்டுப் பிடிப்பாள்.

அந்தக் காடி ஏழு பேர் உட்காரும் காடி. கறுப்பு நிறம். அவன் வாங்கிக்கொண்டு வந்த அன்று தெருவே வெளியே வந்து பார்த்தது. வீட்டு வாசலில் நிறுத்தியபோது பின்பக்கம் ஓர் அடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இரும்புக் கதவை மூட முடியவில்லை. அடுத்த வாரமே ஆள் கூப்பிட்டுக் கதவை அறுத்து, வெளியே தள்ளிப் புதிதாக வைத்தான். அதற்கு ஆயிரத்து எண்ணூறு வெள்ளி. மூன்று பேர் இருக்கும் வீட்டுக்கு எதற்கு ஏழு இருக்கை என்று நான் கேட்டேன். “ஒரு கல்யாணம் காட்சின்னு வந்தா எல்லாரையும் ஏத்திக்கிட்டுப் போவலாம்லண்ணே” என்றான். மூன்று வருடத்தில் அதன் கடைசி இருக்கையில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அந்த வருடம் செப்டம்பர் மாதம் புகைமூட்டம் கடுமையாக இருந்தது. எதிர்வீடே மங்கலாகத்தான் தெரியும். தொண்டை கரகரத்துக்கொண்டே இருக்கும். பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். எனக்கு வேலையில்லை. காலையில் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தவமணி வந்து நின்றாள். வேலைக்குப் போகும் நீலச் சட்டைதான் போட்டிருந்தாள். ஆனால் கம்பெனி பஸ் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

“சூசண்ணே, மேரு வரைக்கும் கொஞ்சம் கொண்டுபோய் விடுறீங்களா?”

“பஸ்ஸ விட்டுட்டியா?”

“வேலைக்கு இல்ல. பாலாவப் பார்க்கணும்.”

பாலா என்றால் சிவபாலன். குணாளனின் தம்பி. ஒன்பது வருடமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத பெயர். பிசினஸ் செய்கிறேன் என்று போய்க் கடனில் மூழ்கிப் பேங்க்ரப் ஆனவன். அவனைத் தேடிக்கொண்டு வந்தவர்கள் குணாளன் வீட்டுக் கதவையும் தட்டினார்கள். அதே வருடம்தான் அவர்களுடைய அம்மா செத்தார். கருமாதியன்று, செலவில் பங்கு கொடுக்க முடியாதவன் முன்னால் வந்து நிற்கவேண்டாம் என்று குணாளன் எல்லார் முன்னாலும் சொன்னான். நானும் அங்கே இருந்தேன். சிவபாலன் செருப்பைப் போட்டுக்கொண்டு போனவன்தான்.

வேனில் போகும்போது தவமணி கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினாள். பேங்க்கின் லாயர் அனுப்பியது. வீட்டுக் கடன் மூன்று மாதம் பாக்கி.

“குணாவுக்குத் தெரியுமா?”

“இதுக்கு முன்னாடி வந்ததையெல்லாம் எடுத்து காடிக்குள்ள ஒளிச்சு வச்சிருக்காரு. நேத்துதான் பார்த்தேன். நாலு கவர். ஒண்ணுகூடப் பிரிக்கல.”

ரொட்டிக்கடை வாசலில் சிவபாலன் மாவு வீசிக்கொண்டிருந்தான். ஆள் இளைத்திருந்தான். முன்மண்டை வழுக்கையாகியிருந்தது. அண்ணியைப் பார்த்ததும் கையிலிருந்த மாவு கல்லின் மேல் கோணலாக விழுந்தது. அதைச் சரிசெய்யாமல் அப்படியே மடித்து ஓரமாகத் தள்ளினான்.

“அண்ணே நல்லாருக்காருல்ல?” என்றுதான் முதலில் கேட்டான்.

“நல்லாருக்காரு. அது இல்ல விஷயம்.”

“உட்காருங்கண்ணி. சூசண்ணே, நீங்களும் உட்காருங்க. சாப்பிட்டுட்டுப் பேசலாம்.”

ரொட்டியும் பருப்புக் குழம்பும் வந்தன. தவமணி தொடவில்லை.

“பாலா, நான் காசு கேக்க வரல.”

“நல்லவேளை. கேட்டாலும் இல்ல. சம்பளத்த கடை மொதலாளி, தவுக்கே, கையிலதான் தர்றாரு. பேங்க்ல போட்டா அங்கயே முழுங்கிடுவாங்க.” சிரித்தான். “அப்புறம் என்னா?”

“இதுல என்னா எழுதியிருக்குன்னு சொல்லு. எனக்கு மலாய் படிக்க வரும். லாயர் எழுதுற மலாய் புரியல. வீடு போயிருச்சா?”

கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கினான். பேப்பர் படிப்பதுபோல் நிதானமாகப் படித்தான். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தான்.

“போகல. இத்தன நாளுக்குள்ள கட்டலன்னா ஏலத்துக்குப் போவோம்னு சொல்றான். இன்னும் கோர்ட்டுக்குப் போகல. இப்ப நேராப் போய்ப் பேசினா கேப்பான். கோர்ட்டுக்குப் போனப்புறம் போனா செலவு ஏறும்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“இந்த மாதிரி எனக்குப் பதினொண்ணு வந்துச்சண்ணி. மூணாவதுக்கப்புறம் நான் பிரிக்கிறத விட்டுட்டேன். அங்கதான் நான் செத்தேன்.”

தவமணி ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டாள். மென்றுகொண்டே அழுதாள். சிவபாலன் வேறு பக்கம் பார்த்தான்.

“சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வா” என்றாள்.

“அண்ணே அடிப்பாரு.”

“அடிச்சா வாங்கிக்க. வீட்டுல இருக்கற பேப்பர் எல்லாத்தையும் எடுத்து வைக்கிறேன்.”

சனிக்கிழமை என்னையும் பிலோமினாவையும் தவமணி கூப்பிட்டு உட்கார வைத்தாள். ஆட்கள் இருந்தால் குணாளன் கையை ஓங்கமாட்டான் என்று நினைத்திருப்பாள். ஹாலில் தரையில் பாய் விரித்து அதன்மேல் காகிதங்கள். சிவபாலன் சட்டைப்பையில் ஒரு பென்சில் வைத்திருந்தான். யாழினி அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

குணாளன் துறைமுகத்திலிருந்து வந்தான். வாசலில் இருந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்திருக்க வேண்டும்.

“இவன் எதுக்கு இங்க?”

“நான்தான் கூப்பிட்டேன்” என்றாள் தவமணி.

“ஊரச்சுத்திக் கடன் வாங்கிப் பேங்க்ரப் ஆனவன். இவன் எனக்குக் கணக்குச் சொல்லப்போறானா?”

சிவபாலன் எழுந்து நின்றான். “ஆமாண்ணே. நான் பெயிலான பரீட்சை. கேள்வி எல்லாம் அப்படியே ஞாபகம் இருக்கு.”

பிலோமினா சிரித்துவிட்டாள். குணாளன் அவளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். குளிக்கப் போனான். குளித்துவிட்டு வந்தவன் வெளியே போகாமல் நாற்காலியில் உட்கார்ந்தான். அதுவே பெரிய காரியம்.

ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லச் சிவபாலன் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினான். வீட்டுக்கு எண்ணூற்று எழுபது. காடிக்கு ஆயிரத்து நாற்பது. யாழினியின் சடங்குக்கு வாங்கிய கடனுக்கு அறுநூற்றுப் பத்து.

“எவ்வளவு பேரக் கூப்பிட்டீங்க சடங்குக்கு?”

“அறுநூறு பேரு” என்றான் குணாளன். “மண்டபம், மேடை, வீடியோ. சும்மாவா? ஒரே பொண்ணு.”

“நான் கேக்கவே இல்ல” என்றாள் யாழினி வாசலிலிருந்து. “ரெண்டு நாளு ஸ்கூல் போச்சு. அந்தச் சீலையில மூச்சே விடமுடியல.”

“நீ உள்ள போ.”

அவள் போகவில்லை.

கடன் அட்டை இரண்டுக்கு முந்நூற்று நாற்பது. ஏர்கோனும் டிவியும் தவணையில், இருநூற்று எழுபது. பிலோமினாவின் கூட்டுக்கு முந்நூறு.

“அவ்வளவுதான்” என்றான் குணாளன்.

“இல்ல” என்றாள் தவமணி. பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். “இன்னொண்ணு இருக்கு. ஆலோங்கிட்ட ரெண்டாயிரத்து ஐந்நூறு வாங்கியிருக்கேன். வாரம் நூத்தி இருபத்தஞ்சு வட்டி. என் பேங்க் கார்டு அவன்கிட்டதான் இருக்கு. சம்பளம் விழுந்ததும் அவன் எடுத்துக்கிட்டு மிச்சத்தக் கையில தருவான்.”

குணாளன் எழுந்துவிட்டான். “வட்டிக்காரன்கிட்டயா? என்கிட்ட கேக்காமயா? எதுக்குடி வாங்குன? என்னா வாங்கித் தின்ன?”

“ஜூன் மாசம் காடிக்குக் கட்டுனேன்.”

தவமணி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

“ரெண்டு மாசம் கட்டல, இழுத்துக்கிட்டுப் போகப்போறான்னு நீங்கதான ராவெல்லாம் தூங்காம புரண்டீங்க. கம்பெனில ஒருத்தி ஆள் காட்டுனா. போனேன்.”

குணாளன் மறுபடியும் உட்கார்ந்தான். சிவபாலன் மாதம் ஐந்நூறு என்று அந்த வட்டியையும் எழுதிக் கூட்டினான். மாதம் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது. இருவர் சம்பளமும் சேர்ந்தால் நாலாயிரத்துத் தொள்ளாயிரம். மிச்சம் ஆயிரத்துக்கும் குறைவு. அதில் காடிக்கு எண்ணெய், டோல், கரண்டு, தண்ணீர், சாப்பாடு, வேன் காசு.

“சிகரெட் எவ்வளவுண்ணே?”

“ஏன், அதையும் எழுதப்போறியா?”

“எழுதணும். லாட்டரி நம்பர் எடுக்கிறதும்.”

“வாரத்துக்கு ஒரு இருபது வெள்ளி எடுப்பேன். அதுகூட இல்லன்னா மனுஷன் என்னாத்துக்கு உசுரோட இருக்கறது?”

“டாஷ்போர்டுல இருக்கற சீட்டக் கூட்டினா வாரம் எழுபது வருதுப்பா” என்றாள் யாழினி. காகிதம் தேடி அம்மாவோடு சேர்ந்து அவளும் காடியைக் கிளறியிருக்கிறாள்.

“வீட்டுல எல்லாம் போலீஸா இருக்கு” என்றான் குணாளன்.

அடுத்துச் சாப்பாட்டுச் செலவுக்கு வந்தார்கள். அந்த வீட்டில் காலைச் சாப்பாடு வெளியே, மதியம் வேலை இடத்தில், இரவு வரும்போது பொட்டலம். தவமணி பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து சமைக்க முடியாது என்றாள். அது நியாயம். சிவபாலன் குணாளனைப் பார்த்தான்.

“நீங்க நாலு மணிக்கு வந்துடுவீங்கல்ல? சோறு வையுங்க. சார்டின் டப்பா ஒடச்சு வெங்காயம் போட்டு வதக்கத் தெரியாதா? நம்ம சின்னப்புள்ளையில நீங்கதான எனக்கு ஆக்கிப்போட்டீங்க.”

தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப்பந்தல் போட வருடம் மூவாயிரம் கொடுப்பதைப் பற்றிச் சிவபாலன் கேட்டதும் குணாளன் கத்தினான்.

“சாமிக்குச் செய்யறதையுமா வெட்டுவ?”

“சாமி லாயர் லெட்டர் அனுப்ப மாட்டாருண்ணே. கொஞ்ச நாளைக்கு அவருகிட்ட தவண கேட்டுக்கலாம். நீங்க போய் நின்னு தண்ணி ஊத்துங்க. காசு மத்தவங்க போடட்டும்.”

“என் பேரு பேனர்ல இருக்கும்லா.”

“அதான்ண்ணே, அந்தப் பேருக்குத்தான் மூவாயிரம்.”

கடைசியில் காடியைப் பற்றிப் பேச்சு வந்தபோது குணாளன் கையை நீட்டித் தடுத்தான். “அத நான் பாத்துக்கறேன். அதுல நீ வாய் வைக்காத.”

மறுநாள் காலையில் என்னிடம் வந்தான். சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினான். காடியை அப்படியே யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்று கேட்டான். இந்தப் பக்கம் பல பேர் செய்வதுதான். முன்பணமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு காடியைக் கொடுத்துவிடுவது. வாங்கியவன் மாதாமாதம் தவணையைத் தொடர்ந்து கட்டுவான். கடனும் காடியும் மட்டும் பழைய ஆள் பெயரிலேயே இருக்கும். சட்டத்தில் இடமில்லை. இருந்தாலும் நடக்கும்.

எனக்குத் தெரிந்த லிங்கம் என்று ஒருவன் புக்கிட் ராஜா பக்கம் இருந்தான். அவனிடம் சொன்னேன். ஆறாயிரம் தருகிறேன் என்றான். முடித்துக் கொடுத்தால் எனக்கு முந்நூறு. நானும் பள்ளிக்கூடம் மூடி வருமானம் இல்லாமல் இருந்தேன். அதைக் காரணமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு லிங்கம் வந்தான். நல்ல சட்டை, நல்ல சப்பாத்து. காடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். டயரை உதைத்தான். கடைசி இருக்கையை மடித்துப் பார்த்து, “புத்தம் புதுசா இருக்கேண்ணே” என்றான். குணாளன் முகம் அந்தப் பாராட்டில் கொஞ்சம் மலர்ந்தது. சாவி கை மாறியது. லிங்கம் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தபோது சிவபாலனின் மோட்டார் வந்து நின்றது. தவமணி தொழிற்சாலையிலிருந்து போன் செய்து சொல்லியிருக்கிறாள். ரொட்டிக்கடை பனியனோடேயே வந்திருந்தான்.

“அண்ணே, பேர் மாத்துறாரா இவரு?”

“நீ போ. இது என் காடி.”

“மாத்துறாரான்னு மட்டும் சொல்லுங்க.”

லிங்கம் சிரித்தான். “அதெல்லாம் வேணாம் தம்பி. நான் மாசம் தவறாமக் கட்டிருவேன். சூசண்ணன கேளு.”

“அப்ப மாத்திக்கங்க. நாளைக்கே பேங்க்குக்குப் போவோம். உங்க பேர்ல லோன் போட்டுக்கங்க.”

“என் பேர்ல லோன் கிடைக்காதுலா.”

“ஏன் கிடைக்காது?”

லிங்கம் என்னைப் பார்த்தான். நான் காலுக்கடியில் பார்த்தேன்.

சிவபாலன் அண்ணன் பக்கம் திரும்பினான். “நான் எதுல பேங்க்ரப் ஆனேன்னு உங்களுக்குத் தெரியுமாண்ணே?”

“சீட்டாடி. வேற எதுல?”

“யார் சொன்னா?”

“எல்லாருந்தான் சொன்னாங்க.”

“நீங்க என்னக் கேட்டீங்களா?”

குணாளன் திறந்திருந்த காடிக் கதவைச் சாத்தினான். சிவபாலன் விடவில்லை.

“அஞ்சு டன் லோரி வச்சிருந்தேன்ல. அத இப்படித்தான் ஒருத்தன்கிட்ட கொடுத்தேன். இவரு மாதிரியே நல்ல சட்ட போட்டுக்கிட்டு வந்தான். எட்டு மாசம் கட்டுனான். அப்புறம் லோரியும் இல்ல, ஆளும் இல்ல. போலீஸுக்குப் போனா, நீ ஏன் கொடுத்தன்னு என்னையத்தான் கேட்டாங்க. லோரிக்கு மிச்சம் அறுபத்து மூவாயிரம். இன்னிக்கும் அது என் பேர்லதான் நிக்குது.”

“எதுக்குடா கொடுத்த? நல்லாத்தான ஓடுச்சு அந்த லோரி?”

“அம்மா அந்தத் தனியார் ஆஸ்பத்திரில இருந்தப்ப பத்தாயிரம் கொண்டாந்து கொடுத்தேன்ல உங்க கையில. அது எங்க இருந்து வந்துச்சுன்னு நெனச்சீங்க? அதான் அவன் கொடுத்த முன்பணம்.”

சிவபாலன் இதைச் சத்தமாகச் சொல்லவில்லை. வெயிலும் புகையும் கலந்த மஞ்சள் வெளிச்சத்தில் அவன் புறங்கையில் எண்ணெய் மினுங்கியது. குணாளன் தம்பியைப் பார்க்காமல் காடியின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு லிங்கத்தின் முன்னால் கையை நீட்டினான்.

“சாவிய கொடு.”

“என்னாண்ணே, சின்னப்பய பேச்சக் கேட்டுக்கிட்டு...”

“கொடுன்னேன்.”

லிங்கம் பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு, என்னை ஒரு கெட்ட வார்த்தையால் திட்டிவிட்டுப் போனான். குணாளன் என்னிடம் கேட்டான்: “சூசண்ணே, உங்களுக்கு இதுல எவ்வளவு?”

“முந்நூறு” என்றேன்.

அவன் தலையை மட்டும் ஆட்டினான். ஒரு மாதம் போல அவன் என்னோடு பேசவில்லை. பள்ளி திறந்ததும் யாழினி மட்டும் வழக்கம்போல வேனில் வந்தாள்.

பிறகு நடந்தவை சிறு சிறு வேலைகள். முதலில் ஆலோங். பிலோமினாவின் கூட்டில் தவமணி பணம் எடுக்கும் முறை ஒன்பதாவது. அந்த மாதம் எங்கள் முறை. பிலோமினா என்னைக் கேட்கவேயில்லை, தன் முறையை அவளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டாள். “நீங்க செஞ்ச வேலைக்கு இதாச்சும் செய்யணும்” என்று சமையலறையிலிருந்து சொன்னாள். மூவாயிரம் வந்தது. சிவபாலனும் தவமணியும் போய் வாங்கிய முதல் தொகையை மொத்தமாகக் கொடுத்துக் கார்டை வாங்கிக்கொண்டு வந்தார்கள். வட்டிக்காரன் மரியாதையாகத்தான் பேசினானாம். மறுபடி வேண்டுமென்றால் வா என்று தவமணிக்கு ஒரு கலர்த்தண்ணி பாக்கெட்கூட வாங்கிக் கொடுத்தானாம். வீட்டுக்கு வந்து அந்தக் கார்டைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

காடியை முறையாக விற்றார்கள். பேங்க்கில் இருந்த கடன் மிச்சத்தைவிட விலை நாலாயிரம் குறைவாக வந்தது. குணாளன் தன் கையிலிருந்த பிரேஸ்லெட்டையும் மோதிரத்தையும் விற்று அதைக் கட்டினான். தவமணி சேமநிதியிலிருந்து எடுத்து வீட்டுப் பாக்கியைக் கட்டினாள். மற்றக் கடன்களுக்கு, அரசாங்கம் நடத்தும் இலவச ஆலோசனை அலுவலகம் ஒன்று இருக்கிறது என்று சிவபாலன் கூட்டிப்போனான். காசு வாங்காமல் எவனாவது உதவி செய்வானா என்று குணாளன் வழியெல்லாம் புலம்பினான். அங்கே ஒரு மலாய்க்காரப் பெண் எல்லாக் காகிதத்தையும் வாங்கிப் பார்த்து, கடன் அட்டைகளையும் சடங்குக் கடனையும் ஒரே தவணையாக மாற்றப் பேசிக் கொடுத்தாள். வட்டி குறைந்தது. ஆனால் ஐந்து வருடம் கட்ட வேண்டும். இரண்டு அட்டைகளையும் அவள் முன்னாலேயே கத்தரிக்கோலால் வெட்டச் சொன்னாள்.

எளிதாக இருந்தது என்று சொல்லமாட்டேன். அடுத்த மழைக்காலம் முழுக்க அவன் பழைய மோட்டாரில், மழைச்சட்டை போட்டுக்கொண்டு துறைமுகத்துக்குப் போனான். கன்டேனர் லோரிகள் வாரியடிக்கும் சேற்றுத் தண்ணீரில் தலை முதல் கால்வரை நனைந்து வருவான். கோயிலில் பார்த்தவர்கள், “காடி என்னா ஆச்சு குணா, இழுத்துக்கிட்டாங்களா?” என்று கேட்டார்கள். “வித்துட்டேன்” என்பான். அவர்கள் நம்பவில்லை என்பது அவனுக்கே தெரியும். தவமணியின் அக்கா மகன் கல்யாணத்துக்கு ஐம்பது வெள்ளி மொய் வைத்துவிட்டு வந்ததற்கு அவள் அக்கா நாலு மாதம் பேசவில்லை. ஒருமுறை குணாளன் வைராக்கியம் உடைந்து நூறு வெள்ளிக்கு நம்பர் எடுத்துவிட்டான். யாழினி அந்த மாதச் செலவுத்தாளில் ‘அப்பாவின் முட்டாள்தனம் – 100’ என்று எழுதிக் குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டி வைத்தாள். மாதம் முடியும்வரை அது அங்கேயே இருந்தது.

சமையல் மட்டும் அவனுக்குப் பிடித்துப்போயிற்று. நாலரை மணிக்கு எதிர்வீட்டிலிருந்து வெங்காயம் வதங்கும் வாசனை வரும். நெத்திலிச் சம்பலும் கங்கோங் கீரையும் தவமணியைவிட அவன் கையில் நன்றாக வந்தன. அவளுக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. சனிக்கிழமைகளில் சிவபாலன் வந்து சாப்பிட்டுவிட்டு, மாதத்தாளைப் பார்த்துப் பென்சிலால் எதையாவது அடித்துவிட்டுப் போவான். அண்ணனும் தம்பியும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். “உப்பு சரியா இருக்கா?” “இருக்கு.” அவ்வளவுதான். லோரியைப் பற்றியோ கருமாதியைப் பற்றியோ இருவரும் ஒரு வார்த்தை எடுக்கவில்லை. எடுப்பார்கள் என்று நானும் கொஞ்ச நாள் காத்திருந்து பார்த்தேன்.

அடுத்த வருடம் நவம்பரில், பள்ளி விடுமுறை தொடங்கியதும், குணாளன் என்னை ஷா ஆலாமுக்கு வேன் எடுக்கச் சொன்னான். மோட்டாரில் போகலாமே என்றேன். “பாலாவும் வர்றான். மழ வரும்போல இருக்கு” என்றான். எதற்கு என்று சொல்லவில்லை. சிவபாலனுக்கும் தெரியவில்லை. ஆலோசனை அலுவலகத்தில் ஏதோ கையெழுத்து என்று நினைத்து வந்திருக்கிறான்.

வேன் நின்றது வேறு அலுவலகத்தின் முன்னால். பேங்க்ரப் ஆனவர்களின் கணக்கைப் பார்க்கும் அரசாங்க அலுவலகம். பெயர்ப்பலகையைப் பார்த்ததும் சிவபாலன் இறங்காமல் உட்கார்ந்திருந்தான்.

“இங்க எதுக்குண்ணே?”

“இறங்கு.”

“என்னா விஷயம்னு சொல்லுங்க முதல்ல.”

“உன் ஐ.சி. கார்டு நம்பர் வேணும். இல்லன்னா காசு வாங்க மாட்டாங்களாம். போன வாரமே வந்து கேட்டுட்டேன்.”

உள்ளே வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்தது. குணாளன் சட்டைப்பையிலிருந்து மூன்று ஐம்பது வெள்ளி நோட்டுகளை எடுத்துக் கவுண்டரில் வைத்தான். கவுண்டரில் இருந்த பெண் மலாயில் கேட்டாள்: யார் கணக்கில்? கட்டுகிறவர் யார்? குணாளன் தம்பியைச் சுட்டிக்காட்டி, “இவன் கணக்குல. நான் இவனுக்கு அண்ணன்” என்றான்.

சிவபாலனுக்கு முகம் சிவந்துவிட்டது. சந்தோஷத்தில் இல்லை, நிஜமாகவே கோபப்பட்டான். கவுண்டர் முன்னாலேயே தமிழில் ஆரம்பித்தான்.

“என்னாண்ணே இது? தாள்ல இது எங்க இருக்கு? நூத்தி அம்பது வெள்ளிய வீட்டுத் தவணைக்குப் போட்டா முதல் கொறையும். நான் ஒண்ணொண்ணா அடிச்சிக்கிட்டு வர்றேன், நீங்க இங்க வந்து கொட்டுறீங்க.”

“ஞாயித்துக்கிழம ரெண்டு ட்ரிப் அதிகம் ஓட்டுனேன். அது உன் தாள்ல வராத காசு.”

“எல்லாக் காசும் தாள்ல வரணும்னுதான சொன்னேன்?”

“சொன்ன. கேட்டேன். சிகரெட்ட விடச் சொன்ன, விட்டேன். காடிய விக்கச் சொன்ன, வித்தேன். சாமிக்கே தவண சொல்லச் சொன்ன, சொன்னேன். இதுல நீ பேசாத.”

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கவுண்டர் பெண் நோட்டுகளை எடுத்துக்கொண்டு ரசீது அடித்தாள். குணாளன் அதை வாங்கித் தம்பியிடம் நீட்டினான். சிவபாலன் அதை வெகுநேரம் பார்த்தான். அவன் உதடு அசைந்தது. படிக்கிறான் என்று நினைத்தேன். கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

“அறுபத்து மூவாயிரம். மாசம் நூத்தி அம்பது. வட்டி ஏறாம இருந்தாலே முப்பத்தஞ்சு வருஷம் ஆகும்ணே.”

குணாளனுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. அவன் விரலை மடக்கி யோசித்தான்.

“எனக்கு எண்பத்தி ஒண்ணு ஆயிருக்கும்” என்றான். “சிகரெட்ட விட்டது நல்லதாப் போச்சு.”

வெளியே மழை பிடித்துக்கொண்டது. நான் ஓடிப்போய் வேனை வாசலுக்குக் கொண்டுவந்தேன். இருவரும் பின் இருக்கையில் ஏறினார்கள். சிவபாலன் ரசீதை நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, அடுத்த மாதம் எந்தத் தேதி வரலாம் என்று கேட்டான்.